இசைத்தட்டா, சிடியா?

கோத்தகிரியில் நான்கு நாள்களாக மூடுபனி. இன்று காலை வெயில் எட்டிப் பார்த்ததும் அப்பாவின் இசைத்தட்டுகளை வெளியே எடுத்தேன். மூன்று உறைகளில் வெண்பூஞ்சை. ஒன்றின் முதுகில் ஒட்டியிருந்த காகிதம் விரல் பட்டதும் உரிந்து வந்துவிட்டது. பதறிப்போனேன். நல்லவேளை, தட்டுகளுக்கு ஒன்றுமில்லை. கேசட்டுகள்தான் பாதி போய்விட்டன. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி.

இனி வாங்கும் ஆல்பங்களை எதில் வாங்குவது?

சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறார்கள். 1982-இல் சந்தைக்கு வந்தபோதே இருந்த அந்தத் தரம் என் காதுக்கு நிறைவாக இருக்கிறது. கணினியில் ஃபிளாக் (FLAC, ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் வடிவம்) கோப்பாக ஏற்றினால் துளியும் குறையாது. ஈரத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் 12 அங்குல உறையை மடியில் வைத்து, வயலின் வாசித்தவர் யார் என்று தேடிப் படிக்கும் சுகம்? தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான். பிறகு எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த 20 நிமிடமும் நான் வேறெதையும் தொடுவதில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான்.

புதியவை சிடியில், அப்பா விரும்பிக் கேட்டவை மட்டும் தட்டில் என்று முடிவு செய்திருக்கிறேன். குன்னூர், உதகை நண்பர்களே, மழைக்காலத்தில் உறைகளை எப்படிக் காக்கிறீர்கள்? அவசியம் சொல்லுங்கள்.