சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைத்த ஓர் ஆண்டு

2019 மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை மாலை, “நிறைவெண்ணுக்கு மூன்று பேர் குறைகிறார்கள், வந்து உட்கார்ந்துவிட்டுப் போ” என்று தோழி ஒருத்தி அனுப்பிய குறுஞ்செய்தியை நம்பி, கனடாவின் தென் ஒன்ராறியோவில் நான் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் மாணவர் மையத்துக்குப் போனேன். எங்கள் வளாகத்தில் சமூக நீதிக்காக இயங்கிய, இலாப நோக்கற்ற ஓர் அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அது; நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்தொகை, இன்னும் நிறைந்திருக்கவில்லை. அமைப்பை நிர்வகிக்கும் பணிப்பாளர் சபையில் ஏழு இடங்கள் இருந்தன. போட்டியிட ஆறு பேர்தான் முன்வந்திருந்தார்கள். ஏழாவதாக யாராவது உண்டா என்று தலைவர் கேட்டபோது தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்சேபம் எதுவும் எழாததால் ஏழு பேரும் தெரிவானதாக அறிவிக்கப்பட்டது. அரை மணி நேரத்துக்குள் நான் பணிப்பாளரும் ஆகி, வேறு எவரும் கேட்காததால் செயலாளரும் ஆகிவிட்டேன்.

இத்தகைய அமைப்புகளை ஒன்ராறியோவில் பொதுநல ஆய்வுக் குழுக்கள் என்பார்கள். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நாடரின் தூண்டுதலில் 1970களின் தொடக்கத்தில் மினசோட்டாவிலும் ஒரிகனிலும் உருவான ஏற்பாடு, 1973இல் ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்கு வந்து, பிறகு மாகாணத்தின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. மாணவர்கள் வாக்கெடுப்பின் மூலம் தங்கள் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையை அறவிட ஒப்புக்கொள்கிறார்கள். அந்தத் தொகையில் நிரந்தர ஊழியர்கள் சிலரை வைத்து, சுற்றுச்சூழல், வாடகைக் குடியிருப்பாளர் உரிமை, பூர்வகுடி மக்களின் நில உரிமை போன்ற விடயங்களில் மாணவர் செயற்குழுக்கள் வேலை செய்கின்றன. எங்களுக்கு ஒரு மாணவரிடமிருந்து ஒரு தவணைக்குக் கிடைத்தது ஓரிரு கோப்பிக்கான காசுதான். அதையும் விரும்பாதவர் தவணையின் முதல் சில வாரங்களுக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. பதினொரு ஆண்டுகள் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தனாதிகாரியாக இருந்தவர் அவர். “அங்கை சம்பளத்துக்கு ஆக்கள் வேலை செய்யினமோ?” என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். “அப்ப அந்தச் சம்பளத்துக்கு ஆர் பொறுப்பு?” என்றார். அமைப்புத்தானே பொறுப்பு என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், நான் கையெழுத்து வைக்கக் கொண்டுவந்திருந்த சம்மதப் பத்திரத்தையும் அதனோடு இணைத்திருந்த வழிகாட்டிக் குறிப்பையும் வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

அன்றிரவு நான் அறிந்துகொண்டது, ஒன்ராறியோச் சட்டப்படி ஓர் அமைப்பு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமற் போனால், அதன் பணிப்பாளர்கள் ஆறு மாதம் வரையான சம்பளத்துக்கும் பன்னிரண்டு மாதம் வரையான விடுமுறைக் கொடுப்பனவுக்கும் தனித்தும் கூட்டாகவும் பொறுப்பாளிகள் என்பதை. அமைப்பு இலாப நோக்கற்றது என்பதோ, பணிப்பாளர் சம்பளம் வாங்காத மாணவர் என்பதோ அந்தப் பொறுப்பைக் குறைப்பதில்லை. ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வருமான வரியையும் ஓய்வூதியப் பங்கையும் வேலைக் காப்புறுதியையும் அரசுக்குக் கட்டத் தவறினாலும், உரிய கவனத்தோடு நடந்துகொண்டதைக் காட்டமுடியாத பணிப்பாளரிடம் வந்து கேட்பார்கள். பதவி விலகிய பின்னும் இரண்டு ஆண்டுகள் வரை கேட்கலாம். “வாசிச்சுப் போட்டு வை” என்று சொல்லி அப்பா பேனையைத் தந்தார். வைத்தேன்.

நாங்கள் பதவியேற்ற காலமும் நல்ல காலம் அல்ல. 2019 ஜனவரி 17ஆம் திகதி டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு, கல்விக் கட்டணத்தை 10 வீதம் குறைக்கும் அறிவிப்போடு சேர்த்து, மாணவர் தெரிவுத் திட்டம் என்ற ஒன்றையும் அறிவித்திருந்தது. அதன்படி, உடற்பயிற்சி, உடல்நலம், உளவள ஆலோசனை, வளாகப் பாதுகாப்பு போன்றவற்றுக்கான கட்டணங்கள் அத்தியாவசியம்; மாணவர் சங்கம், மாணவர் பத்திரிகை, வளாக வானொலி, எங்களைப் போன்ற அமைப்புகள் ஆகியவற்றுக்கானவை அத்தியாவசியம் அல்ல. அத்தியாவசியம் அல்லாத ஒவ்வொன்றையும் செப்டெம்பர் முதல் மாணவர் இணையத்திலேயே விலக்கிக்கொள்ளலாம். அலுவலகத்துக்கு வந்து, ஏன் வேண்டாம் என்று சொல்லி, சில வேளை எங்களோடு வாதாடி, சில வேளை மனம் மாறித் தேநீர் குடித்துவிட்டுப் போகிற பழைய முறை போய், ஒரு சதுரப் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது.

இதற்கிடையில் எங்கள் சொந்தக் கவனக்குறைவு ஒன்று முதலில் வந்து நின்றது. காசோலைகளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். வங்கியில் பதிவாகியிருந்த மூன்று பேரில் இருவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். ஒருவர் வான்கூவரில், மற்றவர் மிசிசாகாவில். புதிய பெயர்களைப் பதிவதற்கு, அவர்கள் தெரிவானதைக் காட்டும் பொதுக்கூட்ட அறிக்கையை வங்கி கேட்டது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருக்கவில்லை. பழைய செயலாளருக்கு அப்போது பரீட்சைக் காலம். எனக்கோ அது என் வேலை என்று தெரியாது. மே 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை சம்பள நாள், அடுத்த திங்கள் விக்ரோறியா தினம் என்பதால் நீண்ட வார இறுதி. வியாழன் இரவு, மிசிசாகாவிலிருந்து முன்னாள் பொருளாளர் பேருந்தில் வந்து, மாணவர் மையத்தின் வாசலில் நின்றபடியே, என் முதுகுப் பையை மேசையாக வைத்து நான்கு காசோலைகளில் கையெழுத்திட்டார். சம்பளம் தப்பியது. ஆனால் அந்த மாதம் 15ஆம் திகதிக்குள் வரித் திணைக்களத்துக்குப் போயிருக்கவேண்டிய காசு தப்பவில்லை. மூன்று நாள் வரையான தாமதத்துக்கு 3 வீதத் தண்டம். தொகை சிறியதுதான், ஆனால் மாணவர்களின் காசு அது. அன்றிலிருந்து கூட்டம் முடிந்த இரவே அறிக்கையை எழுதி முடிக்காமல் நான் படுத்ததில்லை.

எங்கள் சபையில் வாக்கெடுப்பு வழக்கம் இல்லை. எல்லாரும் இணங்கும் வரை பேசுவோம். ஒரு முன்மொழிவுக்கு இணங்கலாம், ஒதுங்கி நிற்கலாம், அல்லது தடுக்கலாம். ஒருவர் தடுத்தாலும் அது நின்றுவிடும். வெளியிலிருந்து கேட்க அழகான முறை. உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பற்றி யோசிப்பவர்கள்தான் முதலில் இணங்குகிறார்கள். வளாகத்தில் வாரந்தோறும் இலவச மதிய உணவு சமைத்துக் கொடுத்த செயற்குழு பெரிய பாத்திரங்கள் இரண்டு, அதாவது எங்கள் வீட்டில் கிடாரம் என்கிறோமே அவை, வாங்க முந்நூறு டொலர் கேட்டபோது ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். அந்தக் குழுவில் சமைப்பவளான என் தோழி, நலன் முரண்பாடு என்று சொல்லி அறையை விட்டு வெளியேறித் தாழ்வாரத்தில் நின்றாள். உள்ளே நாங்கள் அலுமினியமா எவர்சில்வரா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவரும் ஒரு நாளாவது ஐம்பது பேருக்குச் சமைத்தவர் இல்லை.

யூன் மாதத்தில் வரவுசெலவுத் திட்டத்தை மூன்று விதமாகப் போட்டோம்: அறவீடு 20 வீதம் குறைந்தால், 40 வீதம் குறைந்தால், 60 வீதம் குறைந்தால். முதலாவது அட்டவணையில் பேச்சாளர் கொடுப்பனவும் அச்சுச் செலவும் போயின. இரண்டாவதில் செயற்குழுக்களின் நிதியில் பாதி போனது. அதற்கு மேல் வெட்டுவதற்கு எஞ்சியிருந்தது சம்பளம் மட்டுமே. எங்கள் செலவில் மிகப் பெரும் பகுதி இரண்டு ஒருங்கிணைப்பாளர்களின் சம்பளம் என்பதை, அந்த அட்டவணையின் கடைசி வரியைப் பார்க்கும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த இருவரில் மூத்தவர் ஒன்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். ஒவ்வோர் ஆண்டும் இருபது வயது முதலாளிகள் ஏழு பேர் புதிதாக வருவார்கள். அவர்களுக்கு அமைப்பின் யாப்பு விதிகளையும் வரவுசெலவையும், நிழற்பட நகல் இயந்திரம் சிக்கினால் எங்கே தட்டவேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுப்பார். அமைப்பைப் பற்றிய அறிவு முழுவதும் அவரிடம் இருந்தது, அவரது வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்களிடம் இருந்தது. சம்பளம் பற்றிப் பேசும் மூடிய அமர்வுக்கு முன், தேவைப்படும் பத்திரங்களை எல்லாம் வரிசையாக மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவர் வெளியே போனார். நாங்கள் சரியான பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக அவர் மஞ்சள் நிறத் தாள்த்துண்டுகளை ஒட்டியிருந்ததைக் கண்டபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஊழியர்கள் தொழிற்சங்க உறுப்பினர்கள் என்பதால், யூலையில் சங்கப் பிரதிநிதியைச் சந்தித்தோம். நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் அவரும் எங்கள் ஊழியர் இருவரும் அமர்ந்தார்கள். மறுபக்கத்து நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. நாங்கள் மூவர் வாசலில் தயங்கி நின்றோம். “முகாமைத்துவம் அந்தப் பக்கம்” என்று பிரதிநிதி கை காட்டினார். எங்களில் ஒருத்தி, முந்தைய ஆண்டு முழுவதும் பதினைந்து டொலர் குறைந்தபட்ச ஊதியத்துக்காகப் பனியில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். 2019 ஜனவரியில் வரவிருந்த அந்த உயர்வை இதே மாகாண அரசு நிறுத்தி, ஊதியத்தைப் பதினான்கு டொலரிலேயே வைத்துவிட்டது. அவளும் எழுந்து போய் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரவேண்டியிருந்தது.

ஒருவரை நிறுத்துவதை விட இருவரும் வாரத்துக்கு 35 மணி நேரத்திலிருந்து 28க்கு இறங்குகிறோம், அறவீடு பழைய நிலைக்கு வந்தால் நேரமும் பழைய நிலைக்கு வரவேண்டும் என்று எழுதித் தாருங்கள், என்பதே சங்கத்தின் முன்மொழிவு. எங்கள் அட்டவணையில் இருந்த எதை விடவும் அது நன்றாகச் சிந்திக்கப்பட்டிருந்தது. ஓகஸ்ட் கூட்டத்தில் ஆறு பேர் இணங்கினோம். பனியில் நின்றவள் ஒதுங்கி நிற்பதாகச் சொன்னாள்; அதை அறிக்கையில் பெயரோடு எழுதும்படியும் கேட்டாள். எழுதினேன், ஆனால் எனக்குக் கோபம் வந்தது. ஒதுங்கி நிற்கும் வசதி வெளியே கதவுக்கப்பால் இருந்த இருவருக்கும் இல்லையே என்று அன்று நினைத்தேன். இப்போது அந்த அறிக்கையை நினைத்துப் பார்க்கையில், அந்தப் பக்கத்தில் தன் மனத்தில் இருந்ததை அப்படியே பதிந்தவள் அவள் ஒருத்திதான் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

செப்டெம்பரில் கட்டணப் பக்கம் திறந்தபோது, எங்கள் அமைப்பின் நீண்ட பெயர் கைத்தொலைபேசித் திரையில் பாதியில் வெட்டுப்பட்டு, மூன்று புள்ளிகளோடு நின்றது. அது என்ன என்று தெரியாத ஒருவர் அதற்குக் காசு கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் வருமானம் இரண்டாவது அட்டவணைக்கு அருகில் வந்து நின்றது. நவம்பர் 21ஆம் திகதி, கனடிய மாணவர் சம்மேளனமும் யோர்க் பல்கலைக்கழக மாணவர் சங்கமும் தொடுத்த வழக்கில், இந்தத் திட்டத்தை விதிக்க மாகாண அரசுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று ஒன்ராறியோப் பிரிவு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. (அரசு மேன்முறையீடு செய்து, 2021 ஓகஸ்டில் அதிலும் தோற்றது.) ஜனவரித் தவணையில் எங்கள் அறவீடு பழையபடி வந்தது, ஒப்பந்தப்படி நேரத்தையும் 35க்கு உயர்த்தினோம். ஆனால் உயர்த்தும்போது ஒருவர்தான் இருந்தார். இளையவர் 28 மணி நேரச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாமல் டிசெம்பரிலேயே வேறு வேலைக்குப் போயிருந்தார். அவர் விலகிய கடிதம் மூன்று வரிதான். அதில் நன்றியும் இருந்தது.

2020 மார்ச் முதல் வாரத்தில் அடுத்த பொதுக்கூட்டம் நடந்தது. அறிக்கையை அன்றிரவே எழுதி, மறுநாள் தலைவரின் கையெழுத்தை வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, புதிய செயலாளரோடும் பொருளாளரோடும் அந்த வாரமே வங்கிக்குப் போனேன். என் பெயரை நீக்கி அவர்கள் பெயரைச் சேர்க்க நாற்பது நிமிடம் பிடித்தது. புதிய செயலாளர் முதலாம் ஆண்டு மாணவி. சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று நான் விளக்கத் தொடங்கியதும், “வாசித்தேன்” என்றாள். அடுத்த வாரம் தொற்றுக் காரணமாக வளாகமே மூடிவிட்டது.

2022 மார்ச்சில் ஒரு காலை அப்பா தொலைபேசியில் அழைத்தார். சமையலறையில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் அவர் ஏதோ குறித்து வைத்திருந்திருக்கிறார். “இண்டையோட ரெண்டு வருசம் முடிஞ்சுது” என்றார். எதற்கு என்று கேட்டேன். “வரிக்காரருக்கு” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.