மாட் இன்சுலேட்டரின் அலைச்சார்பு: படிக்கும் வரிசையும் இடறும் இடங்களும்

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதாலேயே மின்சாரம் கடத்தாமல் போகும் பொருள் மாட் இன்சுலேட்டர். இப்படி வலுவாக ஊடாடும் எலக்ட்ரான்களுக்கு மாறுபாட்டு முறையில் (அளவுருக்கள் கொண்ட சார்பை ஊகித்து, ஆற்றல் குறையும்படி அவற்றைத் திருத்தும் முறையில்) அலைச்சார்பு எழுதப் பழகுகிறவர்கள் பலர், தற்போக்கு மாதிரிகளால் சராசரி காணும் மான்டி கார்லோ நிரலில் நேராக இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் இரண்டே தளங்கள் கொண்ட ஹப்பார்டு மாதிரியைக் கையால் போட்டுப் பாருங்கள்: எலக்ட்ரான்கள் தளம் விட்டுத் தளம் தாவும், ஒரே தளத்தில் இருவர் அமர்ந்தால் ஆற்றல் யூ கூடும். தாவல் வீச்சு 1, விலக்காற்றல் யூ 8, எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இரண்டு எலக்ட்ரான்கள். ஆளுக்கொரு தளம், இருவரும் ஒரே தளம் என அடிநிலைக்கு வேண்டிய நிலைகள் இரண்டுதான். ஆற்றல் 4 − √20, அதாவது −0.472. இரண்டாம் நிலையின் கெழு முதல் நிலையின் கெழுவைப் போல 0.236 மடங்கு. குட்ஸ்வில்லர் 1963இல் முன்வைத்த ஜி என்ற அளவுருவின் மதிப்பு இங்கே இதுதான்: இருவர் அமர்ந்த தளம் ஒவ்வொன்றுக்கும் வீச்சு ஜி மடங்காகச் சுருங்கும். இருவர் சேர்ந்திருக்கும் நிகழ்தகவு 0.053 என வரும். ஆற்றலை யூவால் வகையிட்டாலும் அதே எண் வர வேண்டும்.

இரண்டு தளத்தில் துல்லியமான இந்தச் சார்பு நீண்ட சங்கிலியில் தவறிவிடுகிறது. தளத்துக்கு ஓர் எலக்ட்ரான் உள்ள ஒற்றைப் பரிமாணச் சங்கிலி, யூ சுழியைவிடச் சற்றே கூடினாலும் கடத்தாது என்று லீபும் வூவும் 1968இல் துல்லியமாகத் தீர்த்துக் காட்டினார்கள். குட்ஸ்வில்லர் சார்போ எந்த முடிவுறு யூவிலும் உலோகமாகவே நிற்கும். காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது: அது இரட்டைகளை (இருவர் அமர்ந்த தளங்களை) எண்ணுகிறது, அவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. இரட்டையும் காலித்தளமும் அருகருகே இருந்தாலும் நூறு தளம் தள்ளி இருந்தாலும் எடை ஒன்றே. கட்டுண்டு கிடக்க வேண்டியவை தனித்தனியே திரிந்து மின்னோட்டத்தைச் சுமக்கின்றன.

தேர்வில் அடிக்கடி வருவது, யூ கூடும்போது உலோகம் இன்சுலேட்டராகும் பிரிங்க்மன்–ரைஸ் மாற்றம் (1970). மாறுநிலை யூ என்பது, ஊடாட்டம் இல்லாதபோது ஒரு தளத்துக்கு உள்ள இயக்க ஆற்றலின் 8 மடங்கு. இரு சுழற்சிகளையும் கூட்டியே அந்த இயக்க ஆற்றலை எடுக்க வேண்டும். சங்கிலிக்கு 4/π, ஆகவே விடை 10.19. ஒரு சுழற்சியை மட்டும் எடுத்தால் விடை பாதியாகிவிடும். இந்த மாற்றம், குட்ஸ்வில்லர் சார்பின் சராசரிகளைத் தோராயமாகக் கணக்கிடும் குட்ஸ்வில்லர் தோராயத்தின் விளைவு. அந்தத் தோராயம் முடிவிலாப் பரிமாணத்தில்தான் துல்லியம். அலைச்சார்பையே நேராகக் கணக்கிட்டால் சங்கிலியில் இந்த மாற்றம் வராது. இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதாத விடை முழுமையாகாது.

குட்ஸ்வில்லர் சார்பின் இந்தக் குறைக்குத் தீர்வு, தொலைவிலுள்ள தளங்களையும் கணக்கில் கொண்டு அலைச்சார்பைப் பெருக்கும் நெடுந்தூர ஜாஸ்ட்ரோ காரணி. தள அடர்த்திகளை இணை இணையாகக் கட்டும் அதன் ஃபூரியே கூறு, சிறிய அலையெண்ணில் அலையெண் வர்க்கத்தின் தலைகீழாக வளர்ந்தால் சங்கிலி இன்சுலேட்டராகும்.

இனி நிரல். முதல் சோதனை யூ சுழி, ஜி 1, 10 தளம், சுழற்சிக்கு 5 எலக்ட்ரான், சுற்று எல்லை. ஒவ்வொரு மாதிரியிலும் ஆற்றல் −12.944 என அசையாமல் வர வேண்டும். சிறிது ஆடினாலும் நிரலில் பிழை. 12 தளமானால் எல்லையில் குறி மாறும் நிபந்தனை வையுங்கள். இல்லாவிட்டால் மேல்மட்டம் அரைகுறையாக நிரம்பி, ஊடாட்டமில்லாத எலக்ட்ரான்களின் அலைச்சார்பான ஸ்லேட்டர் அணிக்கோவையை ஒரே விதமாகத் தீர்மானிக்க முடியாமல் போகும். ஓர் எலக்ட்ரான் நகர்ந்தால் அந்த அணிக்கோவையின் நேர்மாறு அணியைப் புதுப்பித்தால் போதும், ஆனால் கணினி எண்களை முழுமையாக்கும்போது வரும் பிழை சேர்ந்துகொண்டே போகும்; சில நூறு நகர்வுகளுக்கு ஒருமுறை முழுதாகக் கணக்கிடுங்கள். அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை, ஆகவே தொகுதிகளாகச் சேர்த்து, தொகுதியைப் பெரிதாக்கியும் பிழை மதிப்பு கூடாத இடம்வரை போங்கள்.

அளவுருக்களை உகப்பாக்கும்போது, அவற்றைத் திருத்தப் பயன்படும் அணி நேர்மாறு இல்லாததாகி எண்கள் வெடித்துச் சிதறினால், முதலில் மிகைஅளவுருக்களை (ஒன்றையே இரண்டு முறை சொல்லும் அளவுருக்களை) தேடுங்கள். ஜாஸ்ட்ரோவின் ஒரே-தள உறுப்பு குட்ஸ்வில்லர் காரணியேதான். இரண்டையும் வைக்கக் கூடாது. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாததால் எல்லா உறுப்புகளிலும் ஒரே மாறிலியைக் கூட்டினால் எதுவும் மாறாது. மிகத் தொலைவான உறுப்பைச் சுழியாக நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, குறைந்த ஆற்றலை மட்டும் பார்த்து இன்சுலேட்டர் என்று எழுதாதீர்கள். அடர்த்திக் கட்டமைப்புக் காரணியை (ஒவ்வொரு அலையெண்ணிலும் அடர்த்தி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவை) அலையெண்ணால் வகுத்து, 18, 42, 82 தளங்களுக்கு ஒரே படத்தில் வரையுங்கள். அலையெண் சுழியை நெருங்கும்போது கோடு சுழிக்கு இறங்கினால் இன்சுலேட்டர், ஒரு மதிப்பில் நின்றால் உலோகம். ஆற்றல் நன்றாக இறங்கியும் கோடு இறங்காவிட்டால், ஜாஸ்ட்ரோவை எத்தனையாவது அண்டைத் தளத்தோடு வெட்டினீர்கள் என்று பாருங்கள்.