மூன்றாவது துள்ளலும் காணாமல் போன தாளும்

நேற்று கடிதம் வந்தது. விசாரணை முடிந்தது, நான் மறுபடி தனியாகப் பறக்கலாம். செஸ்னா 172-ஐ ரன்வேயில் மூக்குக் குத்த வைத்து நான்கு மாதம் ஆகிறது. எனக்குக் காயமில்லை, கூட யாரும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

ரன்வேயை நோக்கிய கடைசி நேர்ப்பாதையான ஃபைனலில் திரும்பியபோதே உயரம் அதிகம். பின்காற்று தள்ளியிருக்கிறது, காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கை நான் பார்க்கவில்லை. உயரத்தைக் குறைக்க மூக்கைத் தாழ்த்தினேன், வேகம் ஏறியது. தரைக்கு மேல் மிதந்துகொண்டே பாதி ரன்வே போய்விட்டது. பொறுக்க முடியாமல் யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னே தள்ளினேன். முன் சக்கரமான நோஸ் வீல் முதலில் பட்டது, விமானம் எகிறியது. எகிறும்போது தள்ளினேன், விழும்போது இழுத்தேன். இரண்டு முறையும் என் கை ஒரு கணம் பின்தங்கித்தான் வந்தது. ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட உயரம். மூன்றாவதில் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் நோஸ் கியர் மடங்கி ப்ரொப்பல்லர் தரையில் அடித்தது.

இன்ஜினை நிறுத்த மிக்ஸ்ச்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) குமிழை இழுத்து, எரிபொருளையும் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து வெளியே வந்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதிர்ச்சியில் அவசர பீக்கன் (ஆபத்து ரேடியோ சமிக்ஞை அனுப்பும் கருவி) தானாக அலறத் தொடங்கியிருந்ததை டவர் ஆள் வந்து சொன்ன பிறகுதான் கவனித்தேன். அதற்குத் தனி பேட்டரி. மாஸ்டரை அணைத்தாலும் நிற்காது. பலமாக இறங்கினால் ரேடியோவை அணைக்கும் முன் அவசர அலைவரிசையான 121.5-ஐ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம்தான் காகித வேலை. லைசென்ஸ், மெடிக்கல், லாக்புக் எல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட்டேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அன்றைய எடை, சமநிலைக் கணக்குத் தாளைக் கேட்டார்கள். அது விமானத்துக்குள்ளே, கிளிப்போர்டில். விமானமோ விசாரணைக்காகப் பூட்டிய ஹேங்கரில். "விசாரணை அதிகாரி கையெழுத்து இல்லாமல் கதவைத் திறக்க மாட்டேன்" என்றார் காவலர். அவர் செய்தது சரிதான். அதிகாரியோ வெளியூரில். தாள் இல்லாமலே இன்சூரன்ஸுக்குப் போனேன். எழுத்தர் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. "தாள் வந்தப்புறம் வாங்க" என்று தள்ளி வைத்துவிட்டார். விண்ணப்பத்தைப் பதிவாவது செய்யுங்கள் என்று கெஞ்சியும் பயனில்லை. இப்படி இரண்டு நாள் வீண்.

காப்பாற்றியது என் இன்ஸ்ட்ரக்டர். "தம்பி, அன்னைக்குக் காலையில எனக்கு வாட்ஸ்அப்ல படம் அனுப்பினியே, மறந்துட்டியா?" என்றார். இருந்தது! நேரத்தோடு, தெளிவாக. மறுநாள் அதே எழுத்தர் அந்தப் படத்தின் நகலை வாங்கி முத்திரை குத்தினார். இனி கிளம்பும் முன் எல்லாத் தாளையும் படம் எடுத்துவிடுகிறேன். நீங்களும் எடுங்கள்.

இதைவிட வலித்தது வாக்குமூலம். விபத்து நடந்து மூன்று நாள் கழித்து எழுதினேன். அதற்குள் மனம் ஒரு கதையைத் தயாரித்திருந்தது: "இறங்கும் நேரத்தில் திடீர்க் காற்று தூக்கியது." பொய் சொல்லும் எண்ணமில்லை, உண்மையாகவே அப்படி நம்பினேன். அதிகாரி என் டேப்லெட்டின் ஜிபிஎஸ் பதிவைத் திறந்து காட்டினார். ரன்வே முனையில் தரை வேகம் 80 நாட் (விமான வேக அலகு). பின்காற்று 5 நாட்டைக் கழித்தாலும் 75. நான் வைத்திருக்க வேண்டியது 65. பத்து நாட்தானே என்று தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதைக் கரைக்க ரன்வே போதவில்லை, எனக்குப் பொறுமையும் போதவில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த இடத்தில் ஏன் கோ-அரவுண்ட் போகவில்லை?" என்று மட்டும் கேட்டார். இறங்குவதைக் கைவிட்டு, முழு சக்தி கொடுத்து மறுபடி மேலேறுவதுதான் கோ-அரவுண்ட். பதில் இல்லை. விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பே சொல்கிறது. அதை நினைவூட்டிப் புதுத் தாள் கொடுத்தார். இந்த முறை மிதந்ததையும் தள்ளியதையும் அப்படியே எழுதினேன். அன்று இரவே எழுதியிருந்தால் முதல் தாளே சரியாக இருந்திருக்கும்.

அதிக நாள் பிடித்தது இன்ஜின். ப்ளேடு நுனிகள் இரண்டு விரல் அளவே வளைந்திருந்தன. ப்ரொப்பல்லரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். ஓடும் இன்ஜினோடு ப்ரொப்பல்லர் தரையில் அடித்தால் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று இன்ஜின் தயாரிப்பாளரே சொல்கிறார். நோஸ் கியர் பொருந்தும் ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) கசங்கியிருந்தது. மெக்கானிக் விரலால் தடவிக் காட்டும்வரை அது என் கண்ணில் படவே இல்லை.

செக் ஃப்ளைட் போன வாரம் முடிந்தது. முதல் அப்ரோச்சில் ரன்வே முனை நெருங்கியும் வேகமானியின் முள் 72-ஐ விட்டு இறங்கவில்லை. இன்ஸ்ட்ரக்டர் வாய் திறக்கும் முன்பே த்ராட்டிலை முழுதாகத் தள்ளிவிட்டேன்.