கையெழுத்து போதாது, சட்டம் வேண்டும்

2023 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் அமெரிக்காவின் தென் எல்லையை அனுமதியின்றித் தாண்டி எல்லைக் காவல் படையிடம் பிடிபட்டவர்கள் சுமார் 2.5 லட்சம் பேர். 2025 நிதியாண்டின் பன்னிரண்டு மாதங்களையும் சேர்த்துக் கூட்டினால் சுமார் 2.38 லட்சம்தான் வருகிறது. 1970-க்குப் பிறகு ஓர் ஆண்டில் இவ்வளவு குறைந்ததில்லை. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் நான். எல்லையைக் காக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடி வந்திருக்கிறேன். அதனால் இந்த எண்களைப் பார்க்கும்போது நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி எத்தனை நாள் நிலைக்கும் என்ற கவலையும் கூடவே வருகிறது. அந்தக் கவலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். சிறு நகரங்களின் குடிநீர் நிலையங்களுக்குப் பம்புகளும் மின் கட்டுப்பாட்டுப் பலகைகளும் அமைத்துத் தரும் வேலை. அந்த வேலை என்னை அடிக்கடி ரியோ கிராண்டே ஆற்றங்கரை ஊர்களுக்குக் கூட்டிக்கொண்டு போகும். டெல் ரியோவில் 2021 செப்டம்பரில் சர்வதேசப் பாலத்துக்கு அடியில் சுமார் 15 ஆயிரம் பேர், பெரும்பாலும் ஹைட்டி நாட்டவர், வெயிலில் கிடந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. ஈகிள் பாஸ் 30 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2023 செப்டம்பரில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஆற்றைக் கடந்து வந்தார்கள். நகர மேயர் அவசரநிலை அறிவித்தார். அந்த டிசம்பரில் சரக்கு ரயில் பாலத்தைச் சில நாட்கள் மூடிவிட்டு, அங்கிருந்த அதிகாரிகளை வந்தவர்களைப் பதிவு செய்யும் வேலைக்கு மாற்றினார்கள்.

வெளியூரிலிருந்து இதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி பிடிபடுவதே இல்லை. இந்த ஊர்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே மெக்சிகோ வம்சாவளியினர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அக்கரையிலுள்ள பியெத்ராஸ் நெக்ராஸில் அத்தையும் மாமாவும் இருப்பவர்கள். தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள். அவர்கள்தான் முதலில் கோபப்பட்டார்கள். தண்ணீர் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், ஊரின் ஒரே மருத்துவமனையில் தன் மனைவி காத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டு, “என் அப்பா வரிசையில் நின்று காகிதம் வாங்கி வந்தார். அதற்கு மதிப்பே இல்லையா?” என்று கேட்டார். 2024 தேர்தலில் ஈகிள் பாஸ் இருக்கும் மேவரிக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) டிரம்ப் பக்கம் சாய்ந்தது. கீழே ஆற்றோரமாக இருக்கும் ஸ்டார் கவுண்டி 1892-க்குப் பிறகு முதல்முறையாகக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. இதை இனவெறி என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் அந்த மக்களோடு அமர்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லையைத் திறந்து வைப்பதுதான் கருணை என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் என் ஊரிலேயே இருக்கிறது. சான் அன்டோனியோவின் தென்மேற்கில் குயின்டானா சாலை. 2022 ஜூன் 27 அன்று அங்கே கைவிடப்பட்டு நின்ற லாரிக்குள் வெப்பத்தில் வெந்து இறந்தவர்கள் 53 பேர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் மக்கள். சிறுவர்களும் உண்டு. இப்போதும் அந்த இடத்தில் சிலுவைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவாள். ஆற்றிலும் இப்படித்தான். 2024 ஜனவரியில் ஈகிள் பாஸின் ஷெல்பி பூங்காவை மாநிலப் படை கைப்பற்றி, மத்திய எல்லைக் காவலரை உள்ளே விடாமல் நின்ற அதே வாரத்தில், அதற்கருகே ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் மூழ்கி இறந்தார்கள். எப்படியாவது அக்கரை சேர்ந்துவிட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்ற செய்தி பரவும்வரை கடத்தல்காரர்களுக்கு வியாபாரம் நடக்கும். விதி தெளிவாக இருந்தால் அந்த வியாபாரம் படுக்கும். இப்போது படுத்திருக்கிறது.

சரி, எதனால் படுத்தது? 2024-இலேயே மெக்சிகோ தன் பக்கத்தில் கெடுபிடியைக் கூட்டியது. அந்த ஆண்டு ஜூனில் பைடனும் புகலிடம் கோருவதைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை போட்டார். எண்ணிக்கை அப்போதே இறங்கத் தொடங்கியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற கையோடு போட்ட பிரகடனங்கள் கதவை முழுவதுமாகச் சாத்தின. இரண்டுமே அதிபரின் கையெழுத்துகள். இரண்டிலும் சட்டப் புத்தகத்தின் ஒரு வரிகூட மாறவில்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்த நாட்டின் எல்லை இப்படித்தான் ஆளப்படுகிறது. சிறு வயதில் கூட்டிவரப்பட்டவர்களுக்கு ஒபாமா 2012-இல் ஓர் அறிவிப்பின் மூலம் பாதுகாப்பு தந்தார். அதை டிரம்ப் எடுக்கப் போனபோது, எடுத்த முறை சரியில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தடுத்தது. புகலிடம் கேட்கிறவர்கள் மெக்சிகோவிலேயே காத்திருக்க வேண்டும் என்று டிரம்ப் 2019-இல் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பைடன் வந்த உடனே நிறுத்தினார். கொரோனாவைக் காரணம் காட்டி 2020-இல் பயன்படுத்தத் தொடங்கிய டைட்டில் 42 என்ற சுகாதார விதி 2023 மே மாதம் முடிந்தது. ஒருவர் கட்டுவதை அடுத்தவர் இடிக்கிறார். 2029 ஜனவரி 20 நண்பகலில் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தால், இன்று நாம் கொண்டாடும் அத்தனையையும் அன்று மாலைக்குள் ரத்து செய்துவிடலாம். கடத்தல்காரர்கள் நம்மைவிடக் கவனமாக அமெரிக்கத் தேர்தலைப் பின்தொடர்கிறார்கள்.

இதற்கிடையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் என்ன செய்தது? 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை கொடுத்தது. பதிலுக்கு, அனுமதியற்றவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை என்றது. முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி காகிதத்திலேயே நின்றது, ஏனென்றால் போலி அட்டையைக் காட்டினால் போதும் என்ற நிலை இருந்தது. 2013-இல் செனட்டில் 68-32 என்று நிறைவேறிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. 2023 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் நம் கட்சி 219-213 என்று நிறைவேற்றிய கடுமையான மசோதாவைச் செனட் தொடவில்லை.

2024 பிப்ரவரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓக்லஹோமா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டு சந்தேகத்துக்கு இடமில்லாத கன்சர்வேடிவ், அதாவது பழமைவாதி. அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அதில் குறைகள் இருந்தன. குறிப்பாக, அவசரகால அதிகாரம் கட்டாயமாகப் பாய்வதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 5 ஆயிரம் பேர் வர வேண்டும் என்ற வரம்பு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் புகலிட விண்ணப்பத்தை முதற்கட்டத்திலேயே சலித்தெடுக்கும் அளவுகோலை அது சட்டத்திலேயே இறுக்கியது. அப்படி ஒன்றை ஜனநாயகக் கட்சி ஒப்புக்கொண்டு மேசைக்கு வந்தது எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு! டிரம்ப் வேண்டாம் என்றார். செனட்டில் 49-50 என்று மசோதா விழுந்தது. தேர்தல் வரட்டும், இதைவிட நல்லதை எழுதுவோம் என்றார்கள். தேர்தல் வந்தது. வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் கையில் கிடைத்தன. அந்த நல்ல சட்டம் எங்கே?

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரி மசோதாவில் எல்லைக்கு ஏராளமான பணம் இருக்கிறது என்று என் கட்சி நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. சுவருக்கு மட்டும் 4,650 கோடி டாலர், தடுப்புக் காவல் மையங்களுக்கு 4,500 கோடி டாலர். ஆனால் அது பட்ஜெட் வழியில் சாதாரணப் பெரும்பான்மையோடு நிறைவேறியது. அந்த வழியில் பணம் ஒதுக்கலாம், புகலிடச் சட்டத்தைத் திருத்தி எழுத முடியாது. செனட்டில் 60 ஓட்டுத் திரட்டி, எதிர்த்தரப்போடு பேரம் பேசி எழுத வேண்டியது அது. அந்தக் கடினமான வேலையை யாரும் தொடங்கவில்லை. அதே ஜூலையில் வாஷிங்டனில் ஒரு மத்திய நீதிபதி, ஜனவரிப் பிரகடனம் சட்டம் தந்த அதிகாரத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. எல்லைக் கொள்கை முழுவதையும் நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு வெற்றி என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி நினைவிருக்கும்: கூட்டாட்சிச் சட்டங்களை இயற்றுவது யார்? விடை, காங்கிரஸ். அதிபர் என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது. கன்சர்வேடிவ் என்று நான் என்னை அழைத்துக்கொள்வதன் பொருளே அந்த விடைக்குள் இருக்கிறது. ஒபாமா 2012-இல் செய்ததை, காங்கிரஸ் தராத அதிகாரத்தை எடுத்துக்கொண்டார் என்று சொல்லி எதிர்த்தோம். பைடன் சுமார் 40 ஆயிரம் கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்று, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது மகிழ்ந்தோம். அதே அளவுகோலை நம் ஆளுக்கும் வைக்காவிட்டால் நாம் அன்று பேசியது கொள்கையே அல்ல. 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைச் சட்டத்தை வைத்து உலகத்துக்கே டிரம்ப் சுங்கவரி விதித்ததை 2025-இல் மூன்று நீதிமன்றங்கள் ஏற்க மறுத்தன. அந்த வழக்குகளில் அரசுக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞர்களில் அசல் கன்சர்வேடிவ்களும் இருந்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

என் அண்ணன் மகன் டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். 2025 செப்டம்பரில் ஒரு திருமணத்துக்காகச் சென்னை போயிருந்தான். 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் அமல். வெளிநாட்டில் இருப்பவர்கள் உடனே திரும்புங்கள் என்று அவன் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. நள்ளிரவில் அவனிடமிருந்து போன். “சித்தப்பா, நீங்கள் ஓட்டுப் போட்ட அரசுதானே இது? டிக்கெட் கிடைக்கவில்லை, என்ன செய்யட்டும்?” என்றான். மறுநாள்தான், இது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்று வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. எச்-1பி முறையில் மோசடி நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மலிவான சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்த நிறுவனங்களை ஒழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கும் காங்கிரஸ்தான் சட்டம் எழுத வேண்டும். அவனிடம் அப்படித்தான் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு, எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கு 1990-இல் எழுதப்பட்டது. அவன் பிறப்பதற்கு முன்பு எழுதிய அந்த எண்ணின் கீழ்தான் அவன் இன்னும் வரிசையில் நிற்கிறான்.

நாட்டுக்குள் நடக்கும் கைதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றம் செய்தவர்களை நாடு கடத்துவதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கைது செய்கிற அதிகாரி முகத்தை மறைக்கக் கூடாது, யார் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குள் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட ஆணை வேண்டும். காரணமில்லாத சோதனையையும் கைதையும் தடுக்கும் நான்காம் சட்டத்திருத்தம் ஜனநாயகக் கட்சியின் சொத்து அன்று.

என் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதியிருக்கும் கடிதத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறேன். புகலிட விண்ணப்பத்தின் முதற்கட்டச் சலிப்பைச் சட்டத்திலேயே கடுமையாக்க வேண்டும். குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கியிருக்கின்றன, ஆகவே சுவருக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கையாவது நீதிபதிகளுக்கு ஒதுக்க வேண்டும். மூன்றாவது ஈ-வெரிஃபை. வேலைக்கு வருகிறவரின் அனுமதியை அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறையை நாடு முழுவதும் எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். நம் கட்சிக்காரர்கள் பலர் நெளிவது இந்த மூன்றாவதில்தான். அரிசோனா 2008-இலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. புளோரிடாவில் 2023 ஜூலையிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். பல ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சி மட்டுமே ஆண்டு வரும் டெக்சாஸில் தனியார் முதலாளிகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. கட்டுமான ஒப்பந்தக்காரர்களும் பண்ணை முதலாளிகளும் அதை விரும்பவில்லை, அவர்கள்தான் கட்சிக்கு நன்கொடை தருகிறார்கள். ஆற்றங்கரையில் முள்கம்பி போடப் பணம் ஒதுக்க முதலில் ஓடிய அதே சட்டமன்றம் இதில் மட்டும் ஏன் தயங்குகிறது என்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த முன்தேர்தலில் ஓட்டுக் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறேன்.