முகூர்த்தத்தை நிறுத்தாமல் படம் எடுப்பது: ரங்கூன் நாட்குறிப்பு

ஜனவரி 29, 2025, புதன்

தை அமாவாசை. பெண் வீட்டில் படையல் முடிந்து இலை எடுத்த பிறகுதான் போனேன். சீனப் புத்தாண்டும் இன்றே வந்ததால் சீனர் தெருப் பக்கம் கடைகள் அடைப்பு. ஃபிளாஷுக்கு பேட்டரி நாளைதான் வாங்க வேண்டும்.

ஞாயிறு காலை முகூர்த்தம். "தம்பி, எத்தனை படம் தருவீங்க?" என்றுதான் பெண்ணின் அம்மா ஆரம்பித்தார். எல்லோரும் அப்படித்தான். நான் கேட்டது வேறு. "அக்கா, உங்க வழக்கத்துல எது முதல்ல, எது அப்புறம்? நாத்தனார் முடிச்சு உண்டா? தாய்மாமன் யாரு?" ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பத்துக்கும் முறை மாறும். மாப்பிள்ளை வீடு மௌல்மேன் ஊரில். அங்கே வீட்டில் பர்மியப் பேச்சுதான் அதிகம், அதனால் அவர்கள் முறையை போனில் பர்மிய மொழியிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன். நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் வந்து குனிவார் என்றால் எனக்கு அந்தப் பக்கம் இடமில்லை. இது தாலி கட்டும் நேரத்தில் தெரியவந்தால் பிரயோஜனமில்லை.

கல்யாணப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணா, போஸ் கொடுக்கச் சொல்லாதீங்க." அம்மாவுக்கோ எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும். சரி, சடங்கு நடக்கும்போது யாரையும் நில்லுங்கள், திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன். முடிந்த பிறகு அரை மணி நேரம் நான் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

ஜனவரி 31, வெள்ளி

கோயில் மண்டபத்தைப் பார்த்து வந்தேன். முகூர்த்த நேரத்துக்கே போனதால் வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று தெரிந்தது. மணவறை போடும் இடத்துக்கு இடதுபுறம் நல்ல வெளிச்சம்.

தொந்தரவு மேலே இருக்கிறது. கூரைக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஃபிளாஷை மேலே அடித்துத் திருப்பினால் மணப்பெண் முகமும் பச்சையாகிவிடும். நேராக அடித்தால் பட்டுச்சேலை ஜரிகை வெளுத்துப்போகும், தோழிகள் கன்னத்தில் பூசும் தனகா (பர்மிய மரப்பட்டைச் சாந்து) திட்டுத் திட்டாகத் தெரியும். உதவிக்கு வரும் பையனிடம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் ஃபிளாஷை அடித்துப் பார்த்தேன். ஃபிளாஷுக்கென்று கடையில் விற்கிற வெள்ளைக் குடையைவிட இது மேல். மடித்தால் பைக்குள் போய்விடும்.

அடுத்தது எல்இடி விளக்குகள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டர் வேகத்தை 1/250 விநாடிக்கு ஏற்றினால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். 1/100இல் வைத்தால் விழாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை இன்னும் மோசம். அதனால் மண்டபத்துக்குள் சத்தம் போடும் பழைய ஷட்டர்தான். மேளச் சத்தத்தில் அது யார் காதில் விழப்போகிறது?

பிப்ரவரி 2, ஞாயிறு

விடியற்காலையில் அலங்கார அறை. மொகிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடக்கூட நேரமில்லாத பெண்ணுக்கு சித்தி இடியாப்பத்தை ஊட்டிவிட, தலைக்குப் பூ வைப்பவர் "ஆடாதேம்மா" என்று திட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் படங்களிலேயே எனக்குப் பிடித்தது இந்த அறைதான். யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

மாலை மாற்றும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கிற வரை மண்டபமே இருட்டு, ஜன்னல் பக்கம் மட்டும் வெளிச்சம். வீடியோக்காரர், "லைட் வரட்டும், மாலையை அப்படியே பிடிங்க!" என்று கத்தினார். ஐயர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேரம் நிக்காதுப்பா" என்று அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். நான் கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 6400க்கு ஏற்றி, ஜன்னல் பக்கம் நகர்ந்து எடுத்தேன். படத்தில் மணல் மாதிரி புள்ளிகள் இருக்கும். இருக்கட்டும்.

தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா கை நடுங்கி, தண்ணீர் தாம்பாளத்துக்கு வெளியே சிந்தியது. அம்மா புடவைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தார், அழுதபடியே. யாரும் எடுக்கச் சொல்லாத படம்.

தாலி கட்டும் நேரத்தில் போன்கள் பாய்ந்து வரும் என்று தெரியும். கூட்டத்தை நான் அதட்டினால் கோபம் வரும், தாய்மாமன் அதட்டினால் வராது. அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இரண்டு கையையும் விரித்து அணை கட்டினார். நாதஸ்வரம் நேரில் கிடையாது, ஒலிபெருக்கியில் பதிவுதான். அதைப் போடும் பையன் ஐயர் கை உயர்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினான், நான் உட்கார்ந்துவிட்டேன். நின்றால் பின்னால் இருக்கும் அப்பத்தாவுக்கு மறைக்கும். 1/100 என்பதால் அட்சதை காற்றில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பர்மியப் பக்கத்து வீட்டார் சாப்பிட்டதும் கிளம்புவார்கள் என்பதால் அவர்களோடு குழுப்படம் முதலில். மற்றதெல்லாம் வழக்கம்போல் சண்டை, சிரிப்பு, "மச்சான் எங்கே போனார்?"

பிப்ரவரி 5, புதன்

படங்களைக் கழித்துக்கொண்டிருக்கிறேன். அப்பத்தாவின் தங்கை சென்னை வியாசர்பாடியில் இருக்கிறார். 1960களில் கடைகள் அரசுடைமையானபோது கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று. அவருக்கு போனில் அனுப்பினால் போதாதாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டு முகம் மறையும். மேட் தாளில் பெரியதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்துவிடுவார்கள்.

பெரியப்பா கண் மூடியிருக்கிறார் என்று அதற்குள் இரண்டு போன். குழுப்படம் ஒவ்வொன்றும் மூன்று முறை எடுப்பேன், மூன்றிலும் மூடியிருக்கிறார். வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டித் தருகிறேன், அது வரிசையாக நின்று எடுத்த படம்தானே. மாலை மாற்றிய படத்தைப் "பளிச்" ஆக்கச் சொன்னதற்கு மட்டும் முடியாது என்றேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆல்பம் கைக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

16ஆம் தேதி பெகுவில் அடுத்த கல்யாணம். அந்த மண்டபத்துக் கூரை என்ன நிறம் என்று கேட்டு வைக்க வேண்டும்.