சிண்ட்ரெல்லா ஏன் தலையாட்டினாள்?

மே 4
சிண்ட்ரெல்லா கதையைப் புதிதாகச் சொல்லும், கெயில் கார்சன் லெவின் 1997-இல் எழுதிய ‘எல்லா என்சான்டட்’ நாவலை இன்று முடித்தேன். மனசு நிறைந்து கிடக்கிறது. சித்தி என்ன சொன்னாலும் சிண்ட்ரெல்லா ஏன் மறுபேச்சில்லாமல் செய்கிறாள்? சின்ன வயதிலிருந்தே எனக்கு உறுத்தும் இடம் இது. நல்ல பெண், அதனால் செய்கிறாள் என்று பழைய கதை நகர்ந்துவிடும். லெவின் அங்கேயே நின்றுவிடுகிறார். பிறந்தவுடனே ஒரு தேவதை இந்தப் பெண்ணுக்குக் கீழ்ப்படிதலை வரமாகக் கொடுத்துவிடுகிறாள். யார் எதைக் கட்டளையிட்டாலும் செய்தே தீர வேண்டும். தள்ளிப்போட்டால் உடம்பு படுத்தும்.

கடைசியில் இளவரசன், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறான். அவளுக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அந்தச் சாபம் இருக்கும்வரை யாராவது அவளை ஏவியே அவனை அழித்துவிடலாம். அதனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறாள், சாபம் உடைகிறது. கண்ணாடிச் செருப்பைவிட இந்த ‘மாட்டேன்’தான் இனி எனக்கு சிண்ட்ரெல்லா கதை.

மே 6
“அருமையான பழைய கதையை ஏன் கெடுக்கிறார்கள்?” என்று தோழி கேட்டாள். கெடாத பழைய கதை என்று ஒன்று எங்கே இருக்கிறது? ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819-இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதிய சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடும், அத்தோடு கதை முடிந்தது. வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவது கிரிம் சொன்ன கதையில். அந்தந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்கு வேண்டியபடிதான் சொல்லியிருக்கிறார்கள்.

மே 11
நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018). பாதிதான் வந்திருக்கிறேன், கீழே வைக்க மனமில்லை.

வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கதையை நினைத்துப் பாருங்கள். தன் மகள் அப்படி நூற்பாள் என்று அப்பன் பொய் சொல்கிறான். ராஜா, நூற்காவிட்டால் தலை போகும் என்கிறான். அவளுக்காக நூற்றுத் தரும் குள்ளனுக்கு முதல் குழந்தையைத் தருவதாகப் பெண் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குகிறாள். சொன்னதைச் செய்தவன் அந்தக் குள்ளன் ஒருவன்தான், தோற்பவனும் அவனே. நோவிக் இதைக் கடன்பட்டவர்கள் கடன்கொடுத்தவனைப் பற்றிக் கட்டிய கதையாகப் பார்க்கிறார். நாயகி மிர்யெம் வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரின் மகள். அப்பாவுக்கு வசூலிக்கும் நெஞ்சுரம் இல்லை, ஊர் ஏய்க்கிறது, வீட்டில் பட்டினி. ஒருநாள் கணக்குப் புத்தகத்தோடு அவளே வீடு வீடாகக் கிளம்பிவிடுகிறாள். அந்த இடத்தில் எழுந்து கைதட்டலாம் போலிருந்தது.

மே 13
எல்லா மறுசொல்லலும் எனக்குப் பிடிக்காது. இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் பழையபடியே விட்டால் அது வெறும் வேஷம். பழைய கதையில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றாவது வேண்டும்.

மே 18
சூனியக்காரி கோபுரத்தில் அடைத்துவைத்த ராபுன்ஸலின் கதையை அக்கா மகளுக்குச் சொன்னேன். முடித்ததும், “அந்தச் சூனியக்காரி அப்புறம் என்ன ஆனாள்?” என்றாள். கிரிம் கதை அதைச் சொல்வதே இல்லை. இளவரசன் கண்ணிழந்து காட்டில் அலையப் போனதோடு கிழவி மறைந்துவிடுகிறாள். “நீயே சொல்லேன்” என்றேன். அவள் யோசிக்கவே இல்லை: கிழவி கோபுரத்திலேயே தங்கிவிட்டாளாம், ராபுன்ஸலுக்குத் தினமும் கடிதம் எழுதுகிறாளாம். அதில் என்ன எழுதுகிறாள் என்பதை நாளைக்குச் சொல்வாளாம்.