பத்தாய அறையும் சுண்ணாம்பும்

ஜனவரி 20, 2024

நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் இருந்த அறையைக் கொத்த ஆரம்பித்தாயிற்று. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா கட்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அம்மாவின் முழங்கால் இனி மாடிப்படி ஏறாது, அவளுக்குத் தோதான அறை கீழே இது ஒன்றுதான். ஆனால் கொல்லைப் பக்கச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம். கை வைத்தால் உப்பு மாவாக உதிர்கிறது.

குற்றவாளி நானேதான். 2009இல் பழைய காரையைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தேன். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறியிருக்கிறது. கொத்தனார் உளி வைத்து நெம்பியபோது சிமெண்ட் பாளம் பாளமாக வந்தது, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு.

"யார் செய்த வேலை தம்பி இது?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உளியைப் பார்த்தேன்.

ஜனவரி 23

இந்த முறை சிமெண்ட் இல்லை, பழையபடி சுண்ணாம்புக் காரைதான். அதற்குச் சுண்ணாம்பு நீற்றினோம். தொட்டியில் முதலில் தண்ணீர். அதில்தான் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும் என்று கொத்தனார் மூன்று முறை சொன்னார். நான் கண்ணாடி மாட்டிக்கொண்ட பிறகே கூடையைத் தொட்டார். (அவர் மாட்டிக்கொள்ளவில்லை. எழுபது வயது, யார் சொல்லிக் கேட்பார்?) கல் விழுந்ததும் சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ வெடிக்கிற சத்தம், ஆவி, அப்புறம் சோற்று உலை போலத் தளதளவென்று கொதிப்பு. அடுப்பில்லாத உலை.

வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். ஒரு மாதம் அதன் பக்கம் போகக்கூடாதாம்.

பிப்ரவரி 11

கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, கருப்பட்டியோடு பானையில் ஊறவைத்தோம். வீட்டு எறும்புகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

சித்தப்பா மகன் போனில், "இயற்கை வீடா அண்ணா?" என்று கேலி செய்தான். சுண்ணாம்பும் சூளையில்தான் வேகிறது. சிமெண்ட்டுக்குச் சுமார் 1,450 டிகிரி வேண்டும். இதற்குச் சுமார் 900 போதும். வேகும்போது கல் வெளியே விட்ட கரியமில வாயுவைச் சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விறகும் கரியும் எரிந்த புகையை அது வாங்காது. அதனால் பெருமையடிக்க ஒன்றுமில்லை. இடிந்த மாட்டுக்கொட்டகைச் செங்கல்லை இடித்துச் சுர்க்கி செய்துகொண்டோமே, அதுதான் எனக்குப் பிடித்த மிச்சம்.

பிப்ரவரி 26

மூடியைத் திறந்தால் வெண்ணெய். கொத்தனார் கரண்டியால் அள்ளித் தலைகீழாகப் பிடித்தார், விழவில்லை, சரி என்றார். ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல், குழைக்கக் கடுக்காய்த் தண்ணீர். பூசுவதற்கு முன் சுவரை நனைத்த தண்ணீரே ஐந்தாறு குடம் இருக்கும். சாயங்காலத்துக்குள் ஒரு சுவர் முடிந்தது. அம்மா நார்க்கட்டிலில் உட்கார்ந்தபடி மேற்பார்வை.

பிப்ரவரி 28

விரிசல். மயிரிழை மயிரிழையாக, சிலந்தி வலை போல. நேற்று மதியம் சீக்கிரம் காயட்டும் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியையும் போட்டுவிட்டேன். கொத்தனார் திட்டவில்லை; விசிறியை அணைத்துவிட்டு, பூச்சைத் தேய்க்கும் மணியாசுக்கட்டையை எடுத்தார். ஈரம் தெளித்துத் தேய்த்ததில் பாதி மூடிக்கொண்டது. மீதியைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினோம். இனி ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிப்பது நான்.

மார்ச் 24

இரண்டாம் பூச்சு இறுகிவிட்டது. அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை மூன்று கை. பெயிண்ட் இல்லை. அறையில் இன்னும் லேசாகக் கடுக்காய் வாசனை. அம்மா அதைக் குறையாகவே சொல்லவில்லை, அவள் சொன்ன குறை ஜன்னல் கொக்கி பற்றி.

கொல்லைச் சுவரின் அடியில் அரையடிக்கு இன்னும் கறுப்பாக ஈரம் தெரிகிறது. சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, வெளியே விடும், அவ்வளவுதான் என்று கொத்தனார் முன்பே சொல்லியிருந்தார். "ஐப்பசி மழை போகட்டும் தம்பி, அப்போது பார்க்கலாம்." ஈரம் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.